சர்வோவுக்குத் தமிழில் என்ன சொல்வது?

ஆசிரியை: வணக்கம். எங்கள் பள்ளி மாணவர்கள் ரேடியோ விமான மாதிரி செய்கிறார்கள். சுக்கானைத் திருப்பும் சிறு கருவியான சர்வோவைத் தேர்ந்தெடுப்பது பற்றிய கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘மோட்டார்’ என்று எழுதினால் விசிறியைச் சுழற்றும் மோட்டாரோடு குழம்புகிறது. நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

புலவர் ஐயா: ‘ஏவலி’. இலத்தீன் மூலமான ‘செர்வுஸ்’ அடிமையைக் குறிப்பது; நம்மிடம் ஏவலாள் உண்டு, ஏவல் வினையும் உண்டு. ‘ஏ’ என்றாலே அம்பு. ஏவுகணையில் வரும் கணையும் அம்புதான். செயலி, உணரி வரிசையில் இதுவும் இயல்பாக நிற்கும்.

விமான மாதிரி செய்பவர்: ஐயா, ஏவியதைச் செய்வது விசிறி மோட்டாரும்தான். சர்வோவின் உயிர் நிலைகாப்பதில் இருக்கிறது. அச்சு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை உள்ளிருக்கும் மாறுமின்தடை சொல்லிக்கொண்டே இருக்கும். ரேடியோ சைகையை வாங்கும் ரிசீவரிலிருந்து 1.5 மில்லிசெகண்ட் மின்துடிப்பு வந்தால் நடுநிலை. காற்று சுக்கானைத் தள்ளினால் மோட்டார் எதிர்த்துத் திருப்பும். அதனால்தான் வாங்கும்போது அச்சைத் திருப்பும் வலிமையை, அதாவது முறுக்குவிசையை, பார்க்கிறோம். 1.5 கி.கி.–செ.மீ. என்றால், அச்சிலிருந்து 1 செ.மீ. தள்ளி 1.5 கிலோ வரை தாங்கும். சிறிய நுரைப்பலகை விமானத்துக்கு 9 கிராம் சர்வோ போதும். தரைச் சக்கரத்தையும் சேர்த்துத் திருப்புவதற்கு உலோகப் பற்சக்கரம் நல்லது. என் சொல் ‘நிலைகாப்பி’.

மொழிபெயர்ப்பாளர்: ‘காப்பி’ என்றதும் வகுப்பு சிரிக்கும். ‘நிலைநிறுத்தி’ என்றால்?

விமான மாதிரி செய்பவர்: அது வாலில் உள்ள அசையாத கிடைத்தளத்துக்கு வேண்டும். அதை எடுத்துவிடாதீர்கள்.

மொழிபெயர்ப்பாளர்: அப்படியானால் ‘சர்வோ’வே இருக்கட்டும். கடையில் மாணவன் அதைத்தான் கேட்கப்போகிறான்.

புலவர் ஐயா: தனிக்குறிலை அடுத்து ரகர ஒற்று வராது; தொல்காப்பியப்படி ‘ச’ மொழிமுதலிலும் வராது. ‘சருவோ’ என்று எழுதினாலும் பாதிக் குறைதான் தீரும்.

மொழிபெயர்ப்பாளர்: சட்டி, சண்டை, சரி எல்லாம் வந்துவிட்டனவே! நன்னூல் ‘ச’வை முதலில் ஏற்கிறது. தனிக்குறில் விதியைத் ‘தர்மம்’ எப்போதோ கடந்துவிட்டது.

ஆசிரியை: பெரும்பாலோர் விருப்பப்படி ‘சர்வோ’ என்றே போகிறது. முதல் பக்கத்தில் ‘ஏவலி’யை ஒருமுறை குறிப்பிடுகிறேன்.

விமான மாதிரி செய்பவர்: எனக்கு உடன்பாடில்லை. ‘ஏவலி’ என்று மனத்தில் பதிந்தால், தாங்கி நிற்கும் வேலை மறைந்துபோகும். கையேட்டில் உள்ள சர்வோ அட்டவணைக்கு மேலே ஒரு வரியாவது சேருங்கள்: அதில் உள்ள முறுக்குவிசை என்பது சர்வோ திணறி நின்றுவிடும் எல்லை; அதனால் தேவையைவிடக் கூடுதலாக உள்ளதையே வாங்க வேண்டும்.