சூடானதும் நிற்கும் எஃப்ஐ பைக்: இக்னிஷன் காயிலா, வேற ஏதாவதா?

புழுதிப்பாதை:
வணக்கம் நண்பர்களே. ஒத்த சிலிண்டர் எஃப்ஐ பைக் (கார்புரேட்டருக்குப் பதிலா இன்ஜெக்டர் பெட்ரோல் அடிக்கிற வகை). காலையில முதல் செல்ஃப்லயே ஸ்டார்ட் ஆகுது. கொஞ்ச தூரம் ஓட்டி நல்லா சூடேறினதும் சாவியைத் திருப்பின மாதிரி பொசுக்குன்னு நின்னுடுது. திணறல் இல்ல, மிஸ்ஸிங் இல்ல, சைலன்சர்ல வெடிச் சத்தமும் இல்ல. செல்ஃப் நல்லா சுத்துது, என்ஜின் பிடிக்க மாட்டேங்குது. ஆறினதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது! பிளக் புதுசு, இடைவெளி 0.8 மி.மீ. செக் என்ஜின் லைட் எரியல. மெக்கானிக் இக்னிஷன் காயிலை (பிளக்குக்கு ஹை வோல்டேஜ் கொடுக்கிறது) மாத்தணும்ங்கறார். அதுக்கு முன்னாடி நானே சோதிச்சுப் பார்க்க முடியுமா? மல்டிமீட்டர் இருக்கு.

நட்டுபோல்ட்டு:
இதுக்கு எதுக்கு மீட்டர்? பிளக்கைக் கழட்டி, அதோட ஒயர் முனையில இருக்கிற கேப்ல மாட்டி, ஹெட்ல தொட்டு வச்சு செல்ஃப் போடுங்க. நீலமா பொறி வந்தா காயில் நல்லா இருக்கு, வரலைன்னா காயில் அவுட். கார்புரேட்டர் காலத்துல இருந்து இதான் வழி.

மீட்டர்முள்:
அண்ணே, கார்புரேட்டர்ல சரி. எஃப்ஐல பிளக் ஓட்டையைத் திறந்து வச்சு செல்ஃப் போட்டா, இன்ஜெக்டர் பாட்டுக்குப் பெட்ரோல் அடிக்கும், ஆவி ஓட்டை வழியா வெளிய வரும், பக்கத்துலயே பொறி. தீப்பிடிக்க வேற என்ன வேணும்? பிளக்குக்கு எர்த் சரியா கிடைக்கலைன்னா அந்த ஹை வோல்டேஜ் வேற வழி தேடும். காயிலோட இன்சுலேஷன் போகலாம், ஈசியூவே (என்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) போகலாம்.

புழுதிப்பாதை, இப்படிப் பண்ணுங்க. மாட்டியிருக்கிற பிளக்கைத் தொடாதீங்க. கேப்பை மட்டும் உருவி, வேற ஒரு பிளக்கை அதுல செருகி, அந்தப் பிளக்கோட உடம்பை கிளிப் ஒயரால என்ஜின் போல்ட்டோட இறுக்கமா சேருங்க. இன்ஜெக்டர் கனெக்டரைக் கழட்டி, அதோட ரெண்டு முனையில 12 வோல்ட் எல்இடி டெஸ்டர் மாட்டுங்க (பெரிய பல்பு வேண்டாம், ஈசியூ மேல லோடு ஏறும்). இப்ப செல்ஃப் போட்டா பொறியும் இன்ஜெக்டர் சிக்னலும் ஒரே நேரத்துல தெரியும்.

ஆறின என்ஜின்ல இதைப் பண்ணிப் பிரயோஜனம் இல்ல. நின்ன உடனே, சூட்டோட பாருங்க. முதல்ல சாவியைப் போட்டதும் பெட்ரோல் பம்ப் ரெண்டு மூணு செகண்ட் முனகி நிக்குதான்னு கவனிங்க. முனகினா ஈசியூவுக்குக் கரண்ட் வருது, கில் சுவிட்ச் பக்கம் அநேகமா பிரச்சினை இல்ல. அடுத்தது செல்ஃப். எல்இடி மின்னி, பொறி மட்டும் வரலைன்னா காயில், அதோட ஒயர், பிளக் கேப், இந்த வட்டத்துக்குள்ள தேடுங்க. ரெண்டுமே வரலைன்னா காயில் மேல பழி போடாதீங்க. இன்ஜெக்டர், காயில் ரெண்டுக்கும் எப்ப வேலை செய்யணும்னு ஈசியூ கணக்குப் போடுறது கிராங்க் சென்சார் (என்ஜின் சுத்துறதை ஈசியூவுக்குச் சொல்றது) சிக்னலை வச்சுத்தான்.

புழுதிப்பாதை:
அப்படின்னா கிராங்க் சென்சார் போனா லைட் எரியணுமே?

மீட்டர்முள்:
அங்கதான் பலர் ஏமாறுறாங்க. சிக்னலே வரலைன்னா என்ஜின் சுத்தவே இல்லைன்னு ஈசியூ நினைச்சுக்கும். அதனால பல வண்டிகள்ல எரர் கோடு பதிவாகாது, லைட்டும் எரியாது.

புழுதிப்பாதை:
சூட்டோட பார்த்துட்டேன். பம்ப் முனகுது. பொறி இல்ல, எல்இடியும் மின்னல.

மீட்டர்முள்:
காயில் தப்பிச்சுது. இப்ப மேக்னட் கவர்ல (என்ஜின் பக்கவாட்டுல, கிராங்கோட சுத்துற காந்தத்தை மூடியிருக்கிறது) இருந்து வர்ற கிராங்க் சென்சார் கனெக்டரைக் கழட்டி, என்ஜின் பக்கத்து ரெண்டு முனையில ஓம்ஸ் பாருங்க, ஆறினப்பவும் சூட்டுலயும். ரெண்டு ஒயர் வகைன்னா பெரும்பாலும் 100-லிருந்து சில நூறு ஓம்ஸ் வரைக்கும் இருக்கும், ஆனா சரியான அளவு உங்க சர்வீஸ் மேனுவல்ல இருக்கிறதுதான். மூணு ஒயர்னா அது பெரும்பாலும் ஹால் வகை (உள்ள எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது), அதுல ஓம்ஸ் பார்த்துப் பயனில்ல. ரெண்டு ஒயர்னா அப்படியே மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாத்தி செல்ஃப் போட்டுப் பாருங்க, சின்னதா ஒரு வோல்டேஜ் காட்டணும்.

புழுதிப்பாதை:
ரெண்டு ஒயர்தான். ஆறினப்ப 190 ஓம்ஸ். சூட்டுல மீட்டர் ஓப்பன் (இணைப்பே இல்லைன்னு) காட்டுது, ஏசி வோல்ட்டும் சுத்தமா இல்ல. ஆறினதும் மறுபடி 190!

நட்டுபோல்ட்டு:
சென்சாருக்கு உள்ள சுத்தியிருக்கிற கம்பி எங்கயோ அறுந்து தொட்டும் தொடாம நிக்குது. சூட்டுல விரிஞ்சதும் விலகிடுது. மீட்டர்முள் சொன்னது சரிதான், இக்னிஷன் காயில் வாங்கிடாதீங்க.

மீட்டர்முள்:
கனெக்டர்ல இருந்து கவர் வரைக்கும் ஒயரை அங்கங்க வளைச்சுக்கிட்டே மீட்டரைப் பாருங்க. ஒயர்லயே வெட்டு இருந்தாலும் இதே ரீடிங்தான் வரும். அங்க சரியா இருந்தா சென்சார் மாத்த வேண்டியதுதான். சில வண்டிகள்ல தனியா கிடைக்கும், சிலதுல ஸ்டேட்டரோட (மேக்னட்டுக்குள்ள கரண்ட் உண்டாக்குற காயில் தொகுதி) சேர்த்துத்தான்.

புழுதிப்பாதை:
ஒயர் சரியா இருக்கு. புது சென்சார்ல ஒயர் கலர் வேற. எதை எதோட சேர்த்தாலும் ஓகேவா?

மீட்டர்முள்:
கூடாது. ரெண்டும் மாறினா சிக்னல் தலைகீழாகும். டைமிங் தப்பும், ஸ்டார்ட் ஆகாமலும் போகலாம். பழைய கனெக்டர்ல எந்தப் பக்கம் எந்த ஒயர்னு போட்டோ எடுத்துட்டு, புதுசோட வயரிங் விவரத்தோட ஒப்பிட்டு மாட்டுங்க. சென்சார் முனையில இரும்புத்தூள் ஒட்டியிருந்தா துடைங்க. மேக்னட்டுக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளியை மேனுவல்படி வைங்க. ஒயரை உள்ள இருக்கிற கிளிப்ல சரியா சொருகுங்க, மேக்னட்ல உரசினா ரெண்டாவது சென்சாரும் போயிடும். கவரைத் திறந்தா கேஸ்கெட் புதுசு போடணும், ஆயில் லெவலும் பார்த்துடுங்க.