பிரித்துப் பார்க்கலாம், நகல் எடுக்கலாமா? ரிப்பேர் மேசை அனுபவங்கள்

டர்பனிலிருந்து:

சின்ன எலக்ட்ரானிக் கருவிகளைப் பிரித்து, உள்ளே என்ன நடக்கிறது என்று கண்டுபிடித்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ரிப்பேர் கடை வைத்திருப்பதால் எனக்கு இது தினப்படி வேலை. வருகிறவர்களில் பெரும்பாலோர் "முடியுமா?" என்றுதான் கேட்கிறார்கள். "செய்யலாமா?" என்று கேட்பவர்கள் குறைவு. ஒரு சுருதிப் பெட்டி இரண்டையும் சேர்த்தே யோசிக்க வைத்தது.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கோயில் பஜனைக் குழு. பல வருஷத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து வந்த எலக்ட்ரானிக் தம்பூரா ஒன்று அவர்களிடம் இருந்தது. அதுதான் அந்தச் சுருதிப் பெட்டி. புரட்டாசி நெருங்கும் நேரத்தில், குழுவை நடத்தும் ஆன்ட்டி அதைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். "தம்பி, பஞ்சமம் விழுந்ததும் டிக்குன்னு ஒரு சத்தம் வருது. பாட முடியலை" என்றார். எழுபதைத் தாண்டியவர். இங்கே இப்படித் தடையில்லாமல் தமிழ் பேசுகிறவர்கள் அநேகமாக அந்த வயதுக்காரர்கள்தான்.

பெட்டியில் ஹம் என்ற இரைச்சல் வேறு இருந்தது. பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டர்கள் உலர்ந்து போயிருந்தன. மாற்றியதும் ஹம் அடங்கியது, டிக் போகவில்லை. காது கொடுத்துக் கேட்டால் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில், அதே அளவில் வந்தது. ஸ்பீக்கரோ வால்யூமோ கெட்டிருந்தால் சத்தம் கண்ட கண்ட நேரத்தில் வரும். ஒரே இடத்தில் வந்தால், பதிந்து வைத்த ஒலியிலேயே பழுது என்று அர்த்தம்.

போர்டில் இருந்தது 8031 என்ற பழைய ப்ராசஸர். அதற்குள் நிரல் வைக்க இடமே கிடையாது. வெளியே தனி ஐசியில், அதாவது சிப்பில்தான் இருக்கும். பக்கத்திலேயே அந்த ஐசி, 27சி512 வகை ஈப்ராம் (அழித்து மறுபடி எழுதக்கூடிய நினைவக ஐசி), 64 கிலோபைட். நிரலும் ஒலியும் அதற்குள்தான். அதன் முதுகில் சின்னக் கண்ணாடி ஜன்னல் ஒன்று இருக்கும். அதை மூடி ஒட்டிய காகித லேபிள் ஓரம் சுருண்டு பாதி உரிந்திருந்தது. இந்த வகை ஐசியை அழிப்பதே புற ஊதா ஒளியால்தான். ஜன்னலைத் திறந்து நேர் வெயிலில் வைத்தால் ஒரு வாரத்தில் அழிந்துவிடும். ட்யூப்லைட் வெளிச்சமே சுமார் மூன்று வருஷத்தில் அழித்துவிடும். பெட்டிக்குள் வெளிச்சம் குறைவுதான். ஆனாலும் வயதும் டர்பன் வெக்கையும் சேர்ந்து, உள்ளே பிடித்து வைத்த சார்ஜைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விட்டிருக்கின்றன.

ஐசியைப் படிக்கவும் எழுதவும் உதவும் ப்ரோக்ராமர் கருவியில் செருகிப் படித்தேன். மறுபடி படித்தபோது சில பைட்டுகள் மாறி வந்தன. சார்ஜ் கசிந்தால் 0 என்று எழுதிய இடம் 1 ஆகத் தெரியும். பழுதின் திசை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சப்ளையை 5 வோல்ட்டிலிருந்து கொஞ்சம் இறக்கிப் படித்ததும், தடுமாறிய பிட்டுகளில் பெரும்பாலானவை பழையபடி 0 என்றே வந்தன. அப்படியும் தேறாத ஒன்றிரண்டு இடங்களை அலைவடிவமாக வரைந்து பார்த்தேன். அழகாக வளைந்து போகும் கோட்டில் ஒரே ஒரு புள்ளி மட்டும் மேலே துள்ளி நின்றது. பஞ்சமத்துக்கு அடுத்து வந்த டிக் அதுதான். அந்த பைட்டில் எந்த 1-ஐ 0 ஆக்கினால் கோடு சேர்கிறது என்று பார்த்துத் திருத்தி, புது ஐசியில் எழுதிப் போட்டேன். ஆன்ட்டி கடையிலேயே கண்ணை மூடிக்கொண்டு இரண்டு வரி பாடிப் பார்த்தார்.

இதுவரை செய்ததில் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. அவர்கள் காசு கொடுத்து வாங்கிய பொருள், அவர்கள் பொருளாகவே இருக்கிறது. சொல்லப்போனால், இப்படிப் படித்து வைக்காவிட்டால் இன்னும் சில வருஷத்தில் அந்த ஒலியே அழிந்து போயிருக்கும்.

பெட்டியை வாங்கிப் போக வந்த கமிட்டிக்காரர் ஒருவர், "அண்ணா, ஐசியைத்தான் படிச்சிட்டீங்களே, இதே மாதிரி பத்துப் பெட்டி போடலாமே. டொங்காட், வெருலம் கோயில்களுக்கும் கொடுக்கலாம்" என்றார். நல்ல மனசோடுதான் கேட்டார். வேலையாகப் பார்த்தாலும் ஒரு வாரத்து வேலைதான். முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்த 64 கிலோபைட்டுக்காக எங்கோ ஒருவர் உட்கார்ந்து தம்பூரா மீட்டியிருக்கிறார். இன்னொருவர் அதைப் பதிந்து, இவ்வளவு சின்ன இடத்துக்குள் சுருதி பிசகாமல் அடக்கியிருக்கிறார். வாங்கிய பெட்டியைக் காப்பாற்றுவதற்கும், அவர்கள் உழைப்பை எடுத்துப் புதுப் பெட்டி செய்வதற்கும் நடுவில் எனக்குக் கோடு தெளிவாகவே தெரிகிறது. கோயிலுக்கு என்பதால் அந்தக் கோடு நகராது.

கேட் ரிமோட் விஷயம் வேறு மாதிரி. அங்கே திருட்டு பயமும் சேர்ந்துகொள்ளும். கரண்ட் போய்த் திரும்பும்போது அடிக்கும் சர்ஜில் மோட்டார் போர்டு போவதும், பல்லி புகுந்து ஷார்ட் ஆவதும் இங்கே சகஜம். அதனால் கேட் வேலை நிறைய வரும். ஒரு நாள் ஒரு பையன் ஒற்றை ரிமோட்டோடு வந்து, அக்கா வீட்டு ரிமோட், காப்பி போட்டுக் கொடுங்கள் என்றான். பழைய டிப் ஸ்விட்ச் ரிமோட் என்றால் சின்ன ஸ்விட்சுகளை ஒரே மாதிரி தள்ளி வைத்தாலே போதும், கருவியே வேண்டாம். இது ரோலிங் கோட், உள்ளே எச்சிஎஸ்301 ஐசி. ஒவ்வொரு அழுத்தலுக்கும் 66 பிட் அனுப்பும். அதில் 32 பிட் மறையாக்கம் செய்தது, ஒவ்வொரு தடவையும் மாறும்.

இந்த மறையாக்க முறைக்குப் பெயர் கீலாக். அது பிறந்ததே தென்னாப்பிரிக்காவில்தான். 1980-களில் நானோடெக் என்ற நிறுவனத்தில் உருவாகி, 1995-இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. உடைக்க முடியுமா என்றால், உடைத்தும் காட்டிவிட்டார்கள். 2008-இல் ஜெர்மனியின் போஹும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஐசி மின்சாரம் இழுக்கும் விதத்தை அளந்தே உள்ளே இருக்கும் சாவியை, அதாவது மறையாக்கத்தின் ரகசிய எண்ணை, கண்டுபிடித்தார்கள். தயாரிப்பாளரின் மூலச் சாவி கையில் கிடைத்துவிட்டால், தூரத்தில் நின்று இரண்டு தடவை சிக்னலைக் கேட்டே ரிமோட்டை நகல் எடுத்துவிடலாம் என்றும் காட்டினார்கள். அவர்கள் செய்தது அவசியமான வேலை என்றே நினைக்கிறேன். பூட்டின் பலவீனம் திருடனுக்கு மட்டும் தெரிந்திருப்பது வீட்டுக்காரருக்கு நல்லதில்லை.

ஆனால் அந்தப் பையனுக்கு அதெல்லாம் தேவையே இல்லை. மோட்டார் பெட்டியைத் திறந்து, லேர்ன் பட்டனை அழுத்தினால் புது ரிமோட் பதிவாகிவிடும். அதைச் செய்ய கேட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும், வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார். "அக்கா வீட்டுக்கே வந்து பதிந்து தருகிறேன்ப்பா, எப்போது வரட்டும்?" என்று கேட்டேன். போன் பண்ணுகிறேன் என்று போனவன் வரவில்லை. உண்மையாகவே அக்கா வீடாகவும் இருந்திருக்கலாம். அதற்காக என் முறையை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து:

அண்ணன் சொன்ன கோடு ப்ரீபெய்ட் மீட்டரில் இன்னும் அழுத்தமாக விழும். நான் எலக்ட்ரீஷியன். 2024 நவம்பர் 24-க்கு முன்னால் எல்லா ப்ரீபெய்ட் மீட்டரையும் புதுப்பிக்க வேண்டியிருந்தது நினைவிருக்கும். காசு கட்டியதும் கிடைக்கும், மீட்டரில் அடிக்க வேண்டிய எண்தான் டோக்கன். அதற்குள் நேரம் 1993-இலிருந்து நிமிஷக் கணக்காக 24 பிட்டில் போகிறது. அந்த இடம் அன்றோடு நிரம்பிவிடும் என்பதால், மீட்டரின் சாவியை மாற்றும் 20 இலக்க டோக்கன்கள் இரண்டை எல்லோரும் அடிக்க வேண்டியிருந்தது. ஆயாக்கள், தாத்தாக்கள் வீடுகளுக்குப் போய் நானே நிறைய அடித்துக் கொடுத்தேன்.

அப்போது ஒரு வீட்டுக்காரர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டார்: "இவ்வளவு விவரம் தெரியுதே, யூனிட் ஏறாத மாதிரி ஏதாவது செய்யலாமா?" டோக்கன் எப்படி வேலை செய்கிறது என்பது உலகத் தரமாகவே வெளியான விஷயம், ரகசியம் இல்லை. சாவிதான் ரகசியம். எனக்கு மீட்டர் ஆராய்ச்சியில் நிஜமாகவே ஆசை உண்டு. கழற்றிப் போட்ட பழைய மீட்டரை வைத்து வீட்டில் படித்துப் பார்க்கிறேன். சுவரில் ஓடுகிற மீட்டரில் கை வைத்தால் அந்தத் தெருவே அதற்குக் காசு கட்டும், கூடவே தீப்பிடிக்கிற ஆபத்து. அவரிடம் கீசருக்கு டைமர் போடச் சொல்லி, அதைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். சட்டமும் பார்த்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவின் சைபர் குற்றச் சட்டத்தின் பெரும்பகுதி 2021 டிசம்பர் 1-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கணினி அமைப்புக்குள் அனுமதியில்லாமல் நுழைவது மட்டுமல்ல, அந்த நோக்கத்தோடு கருவி வைத்திருப்பதும் குற்றம்.

லெனேசியாவிலிருந்து:

டர்பன் அண்ணாவிடம் ஒரு கேள்வி. அந்தச் சுருதிப் பெட்டி செய்த கம்பெனியே இப்போது இல்லை என்றால்? விற்க ஆளே இல்லாத பொருளை நகல் எடுப்பதில் யாருக்கு நஷ்டம்? எங்கள் கோயில் பெட்டியும் செத்துப்போய் அலமாரியில் கிடக்கிறது. செய்தவர்களைத் தேடி அலுத்துவிட்டோம். நகல் கிடைத்தால் பிள்ளைகள் சுருதியோடு பாடுவார்கள். எனக்கு இதில் தப்பு தெரியவில்லை.

டர்பனிலிருந்து:

உங்கள் பெட்டியைக் கொடுத்து அனுப்புங்கள், அதைப் பிழைக்க வைக்கிறேன். அதில் இரண்டு பேச்சு இல்லை. ஐசி சுத்தமாக அழிந்திருந்து, அதே மாடலாகவும் இருந்தால், என்னிடம் உள்ள பதிவை உங்கள் பெட்டியில் போடவும் எனக்குத் தயக்கம் இல்லை. அந்த ஒலிக்கு நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டீர்கள்.

புதுப் பெட்டிக்கு வேறு வழி இருக்கிறது. 1982-இல் காம்பேக் நிறுவனம் ஐபிஎம் கணினியைக் கிளப்பும் அடிப்படை நிரலான பயாஸுக்கு இணையான ஒன்றைச் செய்தபோது, ஒரு குழு மூலத்தைப் படித்து அது என்ன செய்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்தது. மூலத்தைப் பார்க்காத இன்னொரு குழு அதை வைத்துப் புதிதாக எழுதியது. நான் அந்த நிரலைப் படித்துவிட்டேன். அதனால் புது நிரலை நான் எழுதக் கூடாது. பெட்டி என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் எழுதித் தருகிறேன்: எத்தனை சுருதி, மத்யமமா பஞ்சமமா, மீட்டும் வேகம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தம்பி மீட்டரைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவைத்து நிரலை எழுதட்டும். ஒலிக்கு நிஜத் தம்பூராவே வேண்டும். டர்பன் பக்கம் யார் வீட்டிலாவது நல்ல ஜீவாவோடு (தந்திக்கு அடியில் வைக்கும் நூல்) தம்பூரா இருந்தால் சொல்லுங்கள், மைக்கை நான் கொண்டு வருகிறேன். லெனேசியாக்காரர் பெட்டியின் பின்பக்கத்தையும், திறக்க முடிந்தால் ஐசி எண்களையும் படம் எடுத்து அனுப்புங்கள். ஜன்னல் வைத்த ஐசி இருந்தால் லேபிளை மட்டும் உரித்துவிடாதீர்கள்.