ஈஸ்ட் ஹாமில் மூடிய வங்கிக் கட்டடத்தில் ஸ்லாட் மெஷின் கடை: எப்படி ஆட்சேபிப்பது?

கீழ்வீட்டுக்காரன்:
வணக்கம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் கடைத்தெருவில் வங்கி மூடிய இடத்தில் 24 மணி நேர ஸ்லாட் மெஷின் கடை, அதாவது காசு போட்டுச் சூதாடும் மெஷின்கள் வைத்த கடை, வரப்போகிறதாம், கண்ணாடியில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் ஏற்கெனவே நாலு பெட்டிங் (பந்தயம் கட்டும்) கடையைத் தாண்டுகிறேன், பிள்ளைகளும் அதே வழிதான். இன்னொன்று எதற்கு என்று கவுன்சிலுக்கு எழுதினால் எடுபடுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய லண்டன்வாசி:
தம்பி, "இன்னொன்று எதற்கு" என்று மட்டும் எழுதாதீர்கள், அது எடுபடாது. 2005 சூதாட்டச் சட்டம், தேவை இருக்கிறதா என்று பார்க்கக் கூடாது என்கிறது, முடிந்தவரை அனுமதி கொடுக்கும் நோக்கத்தோடுதான் கவுன்சில் நடக்க வேண்டுமாம். ஈஸ்ட் ஹாம் அடங்கிய நம்ம நியூஹாம் கவுன்சிலே 2013இல் ஒரு பெரிய நிறுவனத்தின் பெட்டிங் கடைக்கு உரிமம் மறுத்தது, அவர்கள் நீதிமன்றம் போய் ஜெயித்துவிட்டார்கள். பெட்டிங் கடைகளிலும் சூதாட்ட மெஷின் உண்டு, ஒரு கடைக்கு நாலுதான் என்று வரம்பு வைத்ததால், அதிக மெஷின் வேண்டுமென்றால் அதே தெருவில் இன்னொரு கடை திறப்பது அவர்களுக்கு லாபமாகிவிட்டது.

ஆனால் வங்கியை ஸ்லாட் கடையாக மாற்றத் சூதாட்ட உரிமம் போகத் தனியாகக் கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றும் அனுமதியும், அதாவது பிளானிங்கும், வாங்க வேண்டும். இரவுச் சத்தம், மேல்மாடியில் குடியிருப்பவர்கள், இப்படிக் கடைகள் ஒரே இடத்தில் குவிவது, இதையெல்லாம் அங்கே பேசலாம். உரிமத்துக்கு ஆட்சேபம் சொல்ல 28 நாள்தான், அறிவிப்பில் இருக்கும் தேதியை முதலில் பாருங்கள்.

செல்வி அக்கா:
நேரத்தைப் பற்றிக் கட்டாயம் எழுதுங்கள். என் தம்பி உணவகத்தில் வேலை செய்கிறான், முடிய இரவு பதினொன்று ஆகும். பெட்டிங் கடை பத்து மணிக்கு மூடிவிடும், அதனால் வேலை நாட்களில் தப்பித்துக்கொண்டிருந்தான், அப்புறம் தன்னை உள்ளே விடக் கூடாது என்று அவனே அந்தக் கடைகளில் பதிவும் செய்துகொண்டான், நாங்களும் நிம்மதியாக இருந்தோம். பிறகுதான் விடிய விடியத் திறந்திருக்கும் ஸ்லாட் கடை வந்தது. பெட்டிங் கடையில் செய்த பதிவு அங்கே செல்லாது, தனியாகப் பதிய வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. சம்பளம் கையில் வந்த அன்றே பாதி போய்விட்டது. ஒரு சுற்றுக்கு 2 பவுண்டு வரைதானே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இரண்டரை விநாடிக்கு ஒரு சுற்று, கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 48 பவுண்டு வரை பந்தயம் வைக்கலாம். முழுக்கத் தடுக்க முடியாவிட்டாலும் நள்ளிரவுக்கு முன் மூட வேண்டும் என்ற நிபந்தனையாவது கேளுங்கள்.

பழைய லண்டன்வாசி:
அக்கா சொல்வது சரி. பெட்டிங் கடை மெஷின்களில் 20 விநாடிக்கு ஒருமுறை 100 பவுண்டு வரை வைக்க முடிந்த காலம் ஒன்று இருந்தது. அதை 2 பவுண்டாகக் குறைக்கச் சொல்லி 90க்கும் மேற்பட்ட கவுன்சில்கள் சேர்ந்து கேட்டன, முன்னால் நின்றது நியூஹாம். அரசாங்கம் இழுத்தடித்தபோது, 2018இல் சூதாட்டத்துக்குப் பொறுப்பான அமைச்சர் டிரேசி கிரவுச் பதவியையே விட்டார். 2019 ஏப்ரலில் குறைந்தது. அதனால் எழுதுங்கள், பக்கத்துக் கடைக்காரர்களையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

கீழ்வீட்டுக்காரன்:
நன்றி இருவருக்கும். போய்ப் பார்த்தேன், இன்னும் 11 நாள் இருக்கிறது. மேல்மாடியில் கைக்குழந்தையோடு இருக்கும் குடும்பத்திடம் இன்று மாலை பேசுகிறேன். அக்கா, பதிவு தனித்தனி என்பதை உங்கள் பெயர் சொல்லாமல் என் கடிதத்தில் சேர்க்கலாமா?

செல்வி அக்கா:
தாராளமாகச் சேருங்கள். தம்பியிடமும் கேட்டுவிட்டேன், சரி என்றான்.