உட்கார ஓர் இடம்: கடைத்தளத்தில் நின்று பழகியவர்களின் அனுபவப் பகிர்வு

தொடக்கப் பதிவு: மதுரை, ஜவுளிக்கடைத் தளப் பொறுப்பாளர்

மதுரை விளக்குத்தூண் பகுதியில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் 11 ஆண்டுகள் விற்பனையாளராக வேலை பார்த்தேன். காலை 9.30 மணிக்கு வருகைப் பதிவு, இரவு 9.30 மணிக்குப் பிரித்துப் போட்ட புடவைகளையெல்லாம் மடித்து அடுக்கிய பிறகே வீட்டுக்குக் கிளம்ப முடியும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரமும் மாலைத் தேநீருக்குப் பத்து நிமிடமும் போக, மற்ற நேரம் முழுவதும் நின்றுகொண்டே இருக்க வேண்டும். வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லாத மதிய வேளையிலும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தது கேமராவில் தெரிந்தால் சம்பளத்தில் 50 ரூபாய் பிடித்துக்கொள்வார்கள்.

நாங்கள் கண்டுபிடித்து வைத்திருந்த வழிகள் சில உண்டு. கீழ்த்தட்டில் துணி அடுக்குவதுபோலக் குந்திக்கொள்வோம். ஒருத்தி குந்தியிருக்கும்போது மற்றொருத்தி அவளை மறைத்தாற்போல் ஒரு புடவையை விரித்துப் பிடித்துக்கொள்வாள். இரவில் விடுதி அறைக்குப் போனதும் எட்டுப் பேரும் வரிசையாகப் படுத்து, கால்களைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்துக்கொள்வோம். அந்தச் சுவரில் எங்கள் குதிகால்கள் பட்டுப் பட்டு, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் சுண்ணாம்பு கறுத்துக் கிடந்தது.

ஒரு நாள் பேத்தி கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அறுபது வயது கடந்த ஓர் அம்மா வந்தார். வாடிக்கையாளருக்கு நாற்காலி உண்டு என்பதால் அவர் உட்கார்ந்திருந்தார். நான் நின்று காட்டிக்கொண்டிருந்தேன். நாலைந்து புடவைகள் பார்த்ததும், "நீயும் உக்காந்து காட்டும்மா, அண்ணாந்து அண்ணாந்து பார்த்து எனக்குக் கழுத்து வலிக்குது" என்றார். நான் தயங்கி நிற்பதைப் பார்த்து, தளமேலாளரை அவரே கூப்பிட்டு, இந்தப் பிள்ளைக்கு ஒரு நாற்காலி கொண்டுவரச் சொல்லுங்கள் என்று கேட்டார். மேலாளருக்கு மறுக்க வழியில்லை. அந்தக் கடையில் நான் வேலை நேரத்தில் உட்கார்ந்தது அந்த நாற்பது நிமிடங்கள்தான். அன்று ஒன்பது புடவைகள் விற்றன என்பதையும், ஒரு புடவையின் முந்தானையில் இருந்த நெசவுப் பிழையை உட்கார்ந்து நிதானமாக விரித்ததால்தான் கண்டுபிடிக்க முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

உங்கள் கடையிலோ, அலுவலகத்திலோ, குடியிருப்பிலோ நிற்கிறவர்களுக்கு ஓர் இருக்கை கிடைக்கக் காரணமாக இருந்தவர் யார், அது எப்படி நடந்தது என்பதை எழுதுங்கள். எங்கள் கடையில் நான் செய்ய நினைக்கும் சில மாற்றங்களுக்கு உங்கள் அனுபவம் உதவும்.

பகிர்வு 1: கோழிக்கோட்டில் ஏழு ஆண்டுகள் வாழ்ந்தவர்

கணவரின் வேலை காரணமாகக் கோழிக்கோட்டில் குடியிருந்தபோது எங்கள் பக்கத்து வீட்டுச் சேச்சி மிட்டாய்த் தெருவில் ஒரு கடையில் வேலை செய்தார். அவர் காலை வீட்டில் குடிக்கும் தண்ணீரோடு சரி. கடையில் ஒரு மடக்கும் குடிக்க மாட்டார். பெண்களுக்குக் கழிப்பறை இல்லாத கட்டடம் அது. விஜி என்ற தையல்காரப் பெண் அந்தத் தெருவில் பெண் தொழிலாளர்களைத் திரட்டத் தொடங்கியது இந்தக் கழிப்பறைக் கோரிக்கையை வைத்துத்தான். 'பெண்கூட்டு' என்ற அமைப்பு அப்படி உருவானது. உட்காரும் உரிமைக் கோரிக்கை அதன் தொடர்ச்சியாக வந்தது.

சேச்சி முதன்முதலில் அவர்களுடைய கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த இரவில் என்னிடம் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. கால் வலி தனக்கு மட்டும் இருக்கும் பலவீனம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்ததாகவும், அந்த அறையில் கால் வீங்காத ஒருத்தியைக்கூடப் பார்க்கவில்லை என்றும் சொன்னார். பல ஆண்டு போராட்டத்துக்குப் பிறகு, 2018இல் கேரள அரசு கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று விதித்தது. அதே ஆண்டு பிபிசி வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் விஜியின் பெயரும் இடம்பெற்றது. சட்டம் வந்த செய்தியைச் சேச்சி தொலைபேசியில் சொன்னபோது நாங்கள் கோயம்புத்தூருக்குக் குடிமாறியிருந்தோம்.

பகிர்வு 2: அரசு மருத்துவமனைச் செவிலியர்

அறுவைச் சிகிச்சைப் புறநோயாளிகள் பிரிவில் பணியாற்றுகிறேன். நரம்பு சுருட்டல் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் என்ன வேலை என்று கேட்டால் கடை விற்பனை, காவல் பணி, ஓட்டல் சமையல், சலவை என்ற நான்கைந்து பதில்களே திரும்பத் திரும்ப வரும். உண்மையில் அது நரம்பு அல்ல, இரத்தக் குழாய். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது; ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் அந்த உதவி இல்லாமல் இரத்தம் காலிலேயே தேங்கி, குழாய்க்குள் இருக்கும் வால்வுகள் நாளடைவில் பழுதாகின்றன. நாள் முழுவதும் நாற்காலியில் அசையாமல் இருப்பதும் மருந்தாகாது. நிற்க, நடக்க, உட்கார மாறி மாறி வாய்ப்பு இருக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் ஒரு பெண்ணிடம் "காலுக்கு ஓய்வு கொடுங்கள்" என்று சீட்டில் எழுதிக் கொடுக்கும்போது, அந்தச் சீட்டை அவருடைய முதலாளியிடம் அல்லவா கொடுக்க வேண்டும் என்று தோன்றும்.

பகிர்வு 3: திருநெல்வேலி, கடை நடத்துபவர்

நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். டவுன் வடக்கு ரத வீதியில் எங்கள் தாத்தா தொடங்கிய ஜவுளிக்கடை இது. என் சிறுவயதில் கடை முழுவதும் மெத்தை போட்டு வெள்ளை விரிப்பு விரித்திருக்கும்; வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்காருவார்கள்; எடுத்துக் காட்டுகிறவரும் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்துதான் விரிப்பார். கடையைப் புதுப்பித்துக் கண்ணாடிக் கவுண்டர்கள் போட்டபோது வாடிக்கையாளர்களுக்கு நாற்காலி வாங்கினோம். ஊழியர்களுக்கு எதுவும் வாங்கவில்லை. நிற்பதுதான் மரியாதை என்று யாரோ எங்களுக்குச் சொன்னதாகவும் நினைவில்லை. மெத்தையை எடுத்த அன்று அவர்களுடைய இருக்கையையும் சேர்த்து எடுத்துவிட்டோம் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் சட்டமன்றத்தில் மசோதாவை அறிமுகப்படுத்தினார். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவு சேர்ந்தது. வேலைக்கிடையில் உட்காரக் கிடைக்கும் வாய்ப்பை ஊழியர்கள் பயன்படுத்திக்கொள்ளும் வகையில் எல்லா ஊழியர்களுக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். எங்கள் கணக்குத் தணிக்கையாளர் வேறொன்றையும் சொன்னார்: 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, நின்று வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 44ஆம் பிரிவு இருந்ததாம். மில்லில் நிற்பவருக்கு 1948இல் கிடைத்த உரிமை, அந்த மில் துணியை விற்பவருக்குக் கிடைக்க 73 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

உடனே 20 பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வாங்கிப் போட்டேன். ஒரு மாதம் ஆகியும் யாரும் உட்காரவில்லை. பயமாக இருக்கும் என்று நினைத்து, உட்காரலாம் என்று எழுதியே ஒட்டினேன். அப்போதும் உட்காரவில்லை. கடைசியில், எங்களிடம் 22 ஆண்டுகளாக இருக்கும் அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து காட்டினார். "பாருங்க தம்பி, இதுல உக்காந்தா எங்க தலை மட்டுந்தான் தெரியும். துணிய எப்படி விரிக்க?" என்றார். கவுண்டர் உயரம் 36 அங்குலம். ஸ்டூல் உயரம் 18 அங்குலம். முதலிலேயே அவரிடம் கேட்டிருந்தால் 20 ஸ்டூல்களின் பணமும் ஒரு மாத கால்வலியும் மிஞ்சியிருக்கும்.

அதன் பிறகு எல்லாவற்றையும் அக்காவே முடிவு செய்தார். தச்சரை வரவழைத்து, மூன்று உயரங்களில் மாதிரி செய்யச் சொல்லி, ஒவ்வொருவரையும் உட்காரவைத்துப் பார்த்தார். 26 அங்குலம் சரியாக வந்தது. கால் தொங்கினால் தொடை மரத்துப்போகும் என்று, தரையிலிருந்து எட்டு அங்குலத்தில் கால் வைக்க ஒரு சட்டம் அடிக்கச் சொன்னார். புடவைத் தலைப்பு மாட்டிக் கிழியும் என்பதால் ஓரங்களை உருட்டி இழைத்து, ஆணித்தலை வெளியே தெரியாமல் மக்கு பூசவைத்தார். முக்காலியை உள்ளே தள்ளுவதற்குக் கவுண்டரின் கீழ்த்தட்டை எடுக்க வேண்டியிருந்தது. அதில் இருந்த உள்பாவாடைத் துணிகள் மாடிக்குப் போயின.

என் அப்பாவுக்கு இதில் சம்மதம் இல்லை. ஆள் வரும்போது உட்கார்ந்திருந்தால் அவமதிப்பாக நினைப்பார்கள் என்று வாதாடினார். "நீங்கள் மெத்தையில் உட்கார்ந்து விற்றபோது யாராவது அப்படி நினைத்தார்களா?" என்று நான் கேட்டதும் அவர் வெகுநேரம் பேசவில்லை. வாடிக்கையாளர் இருக்கும்போதும் உட்காரலாம், எழுந்து நிற்பது ஊழியரின் விருப்பம் என்று முடிவாயிற்று.

இதில் நான் எதிர்பாராதது ஒன்று நடந்தது. எங்கள் பின்கட்டில் புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கும் பெண் ஒருவருக்கு இளம்பிள்ளைவாதத்தால் ஒரு கால் வலுவில்லை. பத்து ஆண்டுகளாகப் பின்கட்டிலேயே இருந்தார். நிறப் பொருத்தம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதால் முன்னால் இருப்பவர்கள் ஜாக்கெட் துணியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடி அவரிடம் கேட்பார்கள். முக்காலிகள் வந்த இரண்டாம் வாரம், "நானும் முன்னால வரட்டா?" என்று அவர் கேட்டார். இப்போது ஜாக்கெட் துணிப் பிரிவு அவர் பொறுப்பில் இருக்கிறது. அவர் கால் அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது. அவரைப் பின்கட்டில் வைத்திருந்தது எங்கள் கவுண்டர்தான்.

பகிர்வு 4: திருச்சி, பில்லிங் ஊழியர்

மேலே எழுதியவர் சொல்லும் பெண் நான் இல்லை. ஆனால் அவர் நிலையில் இருந்தவள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோடு மூன்று கடைகளில் வேலை கேட்டுப் போயிருக்கிறேன். மூன்றிலும் முதல் கேள்வி "நிக்க முடியுமா?" என்பதுதான். கணினியில் பில் போடும் வேலைக்கு ஏன் நிற்க வேண்டும் என்று திருப்பிக் கேட்கும் தைரியம் எனக்கு அப்போது இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஊனங்களின் பட்டியலை 7இலிருந்து 21ஆக விரிவுபடுத்தியதோடு, ஒருவர் மற்றவருக்குச் சமமாகத் தன் உரிமைகளைப் பெறத் தேவையான பொருத்தமான மாற்றங்களைச் செய்வதைப் பற்றியும் பேசுகிறது என்று பின்னர் ஒரு பயிற்சி வகுப்பில் தெரிந்துகொண்டேன். நான்காவதாகப் போன கடையில் அந்த மேடம், "உங்களுக்கு எந்த உயரத்துல நாற்காலி வேணும்?" என்று கேட்டார். வேலை கிடைத்துவிட்டது என்பது எனக்கு அந்தக் கேள்வியிலேயே தெரிந்தது.

பகிர்வு 5: சென்னை, அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவர்

எங்கள் வாசல் காவலர் தூங்கிவிடுகிறார் என்று குடியிருப்போர் சங்கம் அவருடைய நாற்காலியை எடுத்துவிட்டது. நான்காம் தளத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், கூட்டத்தில் காவலருடைய வேலை நேரத்தைக் கேட்டார். பகலும் இரவும் சேர்ந்து 24 மணி நேரம் என்பது அப்போதுதான் எங்களில் பலருக்குத் தெரிந்தது. நாற்காலி திரும்ப வந்தது. இரவுக்கு இன்னொருவர் நியமிக்கப்பட்டார். வீட்டுக்கு மாதம் 180 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோம்.

தொடக்கப் பதிவர்: மதுரை

எழுதிய எல்லோருக்கும் நன்றி. நான் இப்போது வேறொரு சிறிய கடையில் தளப் பொறுப்பாளராக இருக்கிறேன். எங்களிடமும் ஸ்டூல்கள் இருக்கின்றன. ஆனால் நான் சேர்ந்தபோது அவை கிடங்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் கீழே இறங்கின. அவற்றைத் தளத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். அபராதப் பதிவேட்டில் 'உட்கார்ந்தது' என்ற காரணத்தை இனி எழுதக் கூடாது என்று முதலாளியிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன். ஆனாலும் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் என் தலையைக் கண்டதும் எழுந்து விடுகிறார்கள். அதனால் காலையில் கடை திறந்ததும் முதல் பத்து நிமிடம் அவர்களோடு நானும் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அன்றைய இருப்பைச் சரிபார்க்கிறேன்.

திருநெல்வேலிக்காரரிடம் ஒரு கேள்வி. ஆடித் தள்ளுபடிக்கு முன் தச்சர் வருகிறார். எங்கள் கவுண்டர் 38 அங்குலம். பிள்ளைகளில் இருவர் ஐந்தடிக்கும் குறைவு. முக்காலியை 28 அங்குலமாக வைத்துக் கால் சட்டத்தை உயர்த்துவதா, அல்லது அவர்கள் இருவருக்கும் தனி உயரமா என்று உங்கள் கடை அக்காவிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?