ஊர்க் கமிட்டி நிதி வைக்கலாமா, கூடாதா?

கரைவலை:
பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களின் மருத்துவச் செலவுக்கென்று தொண்டி முதல் சாயல்குடி வரை ஒவ்வொரு ஊர்க் கமிட்டியும் தனி நிதி வைக்க வேண்டும் என்கிறேன். ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 55 கிலோமீட்டர். போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு, கூட வருகிறவர் கூலியும் போச்சு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகை நம்பிய வீட்டில் அப்போது பணமே புரளாது. சட்டம் சிகிச்சையைத்தான் இலவசம் என்கிறது, பேருந்தையும் சாப்பாட்டையும் அல்ல.

சட்டப்பணி தன்னார்வலர்:
அண்ணே, நோக்கம் நல்லது, வழி ஆபத்தானது. கமிட்டியில் பணம் கேட்டால் காரணம் கேட்பார்கள். இருநூறு வீடு உள்ள ஊரில் அன்று சாயங்காலமே பெயர் வெளியே வந்துவிடும். யாராவது வாட்ஸ்அப் குழுவில் போட்டால் நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 72ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை. போட்டவர் ஜெயிலுக்குப் போனாலும் வெளியே போன பெயர் திரும்பாது.

இன்னொன்று, நீங்கள் பில் கட்டினால் ஆஸ்பத்திரி தப்பித்துவிடும். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 397ஆம் பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357சி) அரசு, தனியார் எல்லா மருத்துவமனையும் உடனே இலவசமாகப் பார்க்க வேண்டும் என்கிறது. மறுத்தால் நியாய சன்ஹிதா 200ஆம் பிரிவு, ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும்.

கரைவலை:
இரவு பதினொரு மணிக்கு கேஷுவாலிட்டி வாசலில் நிற்கிற தாய்க்குப் பிரிவு எண் தெரியுமா? அந்தச் சட்டத்தில் "முதலுதவி அல்லது மருத்துவச் சிகிச்சை" என்று இருப்பதைப் பிடித்துக்கொண்டு, காயத்துக்கு மருந்து போட்டுவிட்டு ஸ்கேனுக்குத் தனி ரசீது கிழிக்கிறார்கள்.

சட்டப்பணி தன்னார்வலர்:
அந்த வார்த்தை விளையாட்டுக்கு டெல்லி உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் பதில் சொல்லிவிட்டது. பரிசோதனை, ஆய்வகச் சோதனை, உள்நோயாளி சிகிச்சை, அறுவைச் சிகிச்சை, மனநல ஆலோசனை எல்லாம் அதில் அடக்கம். நம் ஊரில் அது நேரடியாகக் கட்டுப்படுத்தாதுதான், ஆனால் எடுத்துக்காட்டலாம். ரசீது கொடுத்தால் கட்டாமல் அதை வாங்கி வைத்துக்கொண்டு மகளிர் உதவி எண் 181க்கு அழைக்கட்டும். குழந்தை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

செவிலியர்_பரமக்குடி:
இரண்டு பேரும் முதல் நாளையே பேசுகிறீர்கள். பெரும்பாலும் கோட்டை விடுவது அதற்குப் பிறகுதான்.

எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். முதல் சில நாளுக்கு மட்டும் கையில் கொடுத்து, மீதியை ஏ.ஆர்.டி. மையத்தில் (எச்.ஐ.வி. மருந்து தரும் அரசு மையம்) வாங்கச் சொன்னால், அந்த இரண்டாவது பயணத்துக்குக் காசில்லாமல் பலர் விட்டுவிடுகிறார்கள். அவசரக் கருத்தடை மாத்திரை (லெவோனார்ஜெஸ்ட்ரல்) 1.5 மில்லிகிராம், அதுவும் 72 மணி நேரத்துக்குள். தாமதமானால் பலன் குறையும். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி இன்று, 1 மாதம், 6 மாதம். எச்.ஐ.வி. மறுசோதனை 6 வாரம், 3 மாதம், 6 மாதம். ஆக முதல் வாரம் போக இன்னும் நான்கு பயணம். தேதிகள் எழுதிய அந்தச் சின்னச் சீட்டைத் தொலைத்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும்.

உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகித உறையில் கொண்டுவரச் சொல்லுங்கள். பாலிதீனில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்தால் தடயம் கெட்டுவிடும். எஃப்ஐஆர் இருந்தால்தான் பார்ப்போம் என்று யாரும் சொல்ல முடியாது.

கரைவலை:
இதைத்தானே நானும் சொல்கிறேன் அக்கா. அந்த நான்கு பயணத்துக்கு யார் கொடுப்பது?

சட்டப்பணி தன்னார்வலர்:
அரசே கொடுக்க வேண்டும். குழந்தை என்றால் போக்சோ விதிகள் 2020, விதி 8. உணவு, உடை, போக்குவரத்துக்குக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள் பணம் தர வேண்டும். பெரியவர்களுக்கு நால்சாவின் (தேசிய சட்டப்பணிகள் ஆணையம்) 2018 இழப்பீட்டுத் திட்டம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பம் கொடுத்ததுமே 5,000 முதல் 10,000 ரூபாய் வரை உடனடியாக வழங்க அதில் இடமிருக்கிறது. வன்கொடுமைக்கு மொத்த இழப்பீடு 4 முதல் 7 லட்சம், கூட்டு வன்கொடுமைக்கு 5 முதல் 10 லட்சம். தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மருத்துவ அறிக்கை வரட்டும் என்று விண்ணப்பத்தையே போடாமல் இருப்பதுதான் நம் ஆட்கள் செய்கிற பெரிய தப்பு.

கரைவலை:
7 லட்சம் என்றாலும் முக்கால் பங்கு குறைந்தது 3 ஆண்டு வங்கி வைப்பில் போய்விடும். கைக்கு வருவது கால் பங்கு.

சட்டப்பணி தன்னார்வலர்:
உண்மை. மருத்துவத் தேவை என்று எழுதிக் கொடுத்து முன்கூட்டியே எடுக்க வழி உண்டு. ஆனால் கமிட்டிப் பணத்தில் என் பெரிய பயம் வேறு. கொடுத்த கை நாளைக்கு ஊர் மானம் என்று சொல்லி வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லும். குற்றவாளியின் சித்தப்பா அதே கமிட்டியில் உட்கார்ந்திருப்பார். திருப்பி எதையும் கேட்க முடியாத இடத்திலிருந்துதான் இந்தப் பணம் வர வேண்டும்.

கரைவலை:
இதை மறுக்க முடியவில்லை. அப்படியென்றால் நிதியை மாற்றுவோம். எந்த நோய்க்கானாலும் ஆஸ்பத்திரி போகிற எல்லாப் பெண்களுக்கும் பயணப்படி. கமிட்டி கையில் வேண்டாம், மகளிர் சுய உதவிக் குழு கொடுக்கட்டும். காரணம் கேட்கக் கூடாது, ஓ.பி. சீட்டைக் காட்டினால் போதும்.

செவிலியர்_பரமக்குடி:
ஓ.பி. சீட்டில் எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கும் தம்பி. பேருந்து டிக்கெட்டைக் காட்டினால் போதும் என்று வையுங்கள்.