சுயேச்சைக் குழுவுக்கு அரசாங்கக் காசு உண்டா? செலவுக் கணக்கை எப்படி எழுதணும்?

தேயிலைக்கொழுந்து:

நம்ம நுவரெலியா மாவட்டத்து நோர்வூட் பிரதேச சபைக்கு அடுத்த முறை சுயேச்சைக் குழு ஒண்ணு போடலாம்னு நம்ம பக்கத்துப் பொடியன்கள் பேசிக்கிறாங்க. தொழிற்சங்கத்து ஆள் யாரும் இல்ல. கட்சிகளுக்கு அரசாங்கம் தேர்தலுக்குக் காசு குடுக்குதாமே, அது சுயேச்சைக்கும் உண்டா? புதுச் செலவுச் சட்டப்படி ஒரு வட்டாரத்துல எவ்வளவு வரைக்கும் செலவழிக்கலாம்? லயம் லயமா (தோட்டத்து வரிசை வீடுகள்ல) உண்டியல் கொண்டுபோனா சிக்கல் வருமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கணக்கப்பிள்ளை:

சுயேச்சைக்கு ஒரு சதமும் இல்ல தம்பி. 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்துல உதவித்தொகை இருக்கு. ஆனா அது அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு மட்டும், போன பொதுத் தேர்தல்ல எடுத்த வாக்கு ஒண்ணுக்கு 50 சதம். லட்சம் வாக்கு எடுத்த கட்சிக்கு 50,000 ரூபா. ஒரு கூட்டத்துக்கு ஒலிபெருக்கி கட்டி, பந்தல் போட்டா முடிஞ்சிரும். இதைப் போய் அரசாங்க நிதின்னு சொல்றதே பெரிய வார்த்தை.

உங்க பொடியன்களை முதல்ல மடக்கப்போறது கட்டுப்பணம்தான். உள்ளூராட்சித் தேர்தல்ல கட்சிக்கு வேட்பாளர் ஒருத்தருக்கு 1,500 ரூபா, சுயேச்சைக்கு 5,000. பட்டியல்ல 20 பேர்னா கட்சி 30,000 கட்டும், நீங்க ஒரு லட்சம் கட்டணும். வட்டார வேட்பாளர், வீதாசார ஆசனத்துக்கான மேலதிகப் பட்டியல் ரெண்டையும் சேர்த்துத்தான் தலை எண்ணுவாங்க.

அடுத்தது செலவு உச்சவரம்பு. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினங்களை ஒழுங்குபடுத்தும் சட்டப்படி, ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்காளர் ஒருத்தருக்கு இவ்வளவுன்னு தேர்தல் ஆணைக்குழு வர்த்தமானியில போடும். 2024 ஜனாதிபதித் தேர்தல்லதான் முதல் தடவையா வந்துச்சு: 109 ரூபா. 17,140,354 வாக்காளரால பெருக்கினா 1,868,298,586 ரூபா. அதுல 60 வீதம் வேட்பாளர், 40 வீதம் கட்சிச் செயலாளர். 2025 உள்ளூராட்சிக்கு சபைக்குச் சபை மாறி, 74 ரூபாயில இருந்து 160 வரைக்கும் போனது. அதனால பழைய தொகையை நம்பி பட்ஜெட் போடாதீங்க. வேட்புமனு முடிஞ்சதும் வர்ற வர்த்தமானியில உங்க சபையோட விகிதத்தையும், அதை யார் யாருக்கு எப்படிப் பிரிச்சிருக்குன்னும் பாருங்க.

செலவழிக்க விட்ட 109 ரூபாவுக்கும் உதவியாத் தர்ற 50 சதத்துக்கும் நடுவுல 218 மடங்கு இடைவெளி. லயத்துக்குக் கூரைத் தகரம் மட்டும் குடுத்துட்டு சுவரைக் கட்டாம விட்ட மாதிரி இருக்கு சட்டம்.

மூணாம்_மலை:

உண்டியலை மறந்துடுங்க. பேர் தெரியாத ஆள்கிட்ட வாங்குற காசு அந்தச் சட்டத்துல தடை. உண்டியல்ல விழுறது எல்லாம் அப்படிப்பட்ட காசுதானே. அதுக்குப் பதிலா ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்க. திகதி, பேர், அடையாள அட்டை இலக்கம், டிவிஷன், தொகை, கையெழுத்துன்னு ஆறு கோடு கிழிச்சு, நூறு ரூபா தந்தவரையும் எழுதுங்க. கார்பன் வச்ச பற்றுச்சீட்டுப் புத்தகமும் வேணும், மேல்தாள் அவங்களுக்கு, அடித்தாள் உங்களுக்கு.

தோட்டத்துல இன்னொரு குழி இருக்கு, பலர் கவனிக்கிறதில்ல. அரசாங்கம் பங்கு வச்சிருக்கிற கம்பெனியும் நன்கொடை தரக்கூடாது. தனியாருக்குக் குடுத்த பெருந்தோட்டக் கம்பெனிகள்ல திறைசேரி ஒரு பொற்பங்கை (விசேட உரிமையுள்ள ஒரு பங்கு) கையில வச்சிருக்கு. ஜனவசம (மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை), அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் பற்றிச் சொல்லவே தேவையில்ல, அது ரெண்டும் முழுக்க அரசாங்கம். ஆக, தோட்டத்துரை பிரியப்பட்டு ட்ரக்டர் தந்தாலும் வேணாம்னு சொல்லிடுங்க.

லிந்துலைக்_காற்று:

அரசாங்கம் காசு குடுக்கணும்னு கேக்குறதுக்கு முன்னால ஒரு விசயம். நம்ம மலையகத்துல கட்சிக்கு அடியில சங்கம் இருக்கு, சங்கத்துக்கு அடியில பேர் ஏட்டுல சம்பளத்தோட பிடிக்கிற சந்தா இருக்கு. 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி அரசியலுக்குத் தனி நிதி வைக்கணும், அங்கத்தவர் விரும்பினாத்தான் அதுக்குக் குடுக்கணும். சம்பளச் சிட்டையில அப்படித் தனிக் கோடு ஒண்ணைத் தேடிப் பாருங்க. வாக்கை எண்ணி நிதி குடுத்தா, ஏற்கெனவே சந்தா வர்றவங்களுக்கே அதுவும் போய்ச் சேரும்.

என்னைக் கேட்டா காசாக் குடுக்கவே வேணாம். எல்லா வேட்பாளரோட விபரத்தையும் தமிழ்லயும் சிங்களத்துலயும் ஒரே தாள்ல ஆணைக்குழு அச்சடிச்சு, வாக்காளர் அட்டையோட தபால்ல அனுப்பட்டும். தோட்டத்து மண்டபத்தை எல்லாருக்கும் முறை வச்சுத் தரட்டும்.

கணக்கப்பிள்ளை:

தாள் யோசனை நல்லது. ஆனா பாராளுமன்றத் தேர்தலுக்கு அது பத்தாது. நுவரெலியா மாவட்டத்துல 8 ஆசனத்துக்கு ஒரு கட்சி 11 பேரைப் போடுது. கட்சிக்குள்ள ஆளைத் தெரிவு செய்யுற விருப்பு வாக்கு இருக்கிறதால அந்த 11 பேரும் ஒருத்தரோட ஒருத்தர் மோதிக்கிட்டு மஸ்கெலியாவுல இருந்து வலப்பனை வரைக்கும் வாகனம் விடணும். செலவு வீங்குறதே அங்கதான். வட்டார முறையில ஒரு ஆள் ரெண்டு மூணு டிவிஷனை நடந்தே முடிச்சிடலாம்.

தேயிலைக்கொழுந்து:

ரொம்ப நன்றி அண்ணே. டவுன்ல கடை வச்சிருக்கிற ஒருத்தர் லொறி சும்மா தாறேன்னு சொல்றார். காசு மாறாததால கணக்குல வராதுதானே? தோத்துட்டாலும் கணக்குக் குடுக்கணுமா?

மூணாம்_மலை:

லொறி வரும். பணமா இல்லாம பொருளா வந்தாலும் நன்கொடைதான். அதே லொறியை அன்னைக்கு டவுன்ல வாடகைக்குப் பிடிச்சா என்ன விலையோ, அதை வரவுலயும் செலவுலயும் ரெண்டு பக்கமும் எழுதுங்க. கடைக்காரர்கிட்ட ஒரு கடிதம் வாங்குங்க: வாகன இலக்கம், எத்தனை நாள், டீசல் யார் போட்டது. டீசலைக் குழு போட்டிருந்தா பம்ப் பில் தனியா இருக்கணும், அதுல வாகன இலக்கத்தைப் பேனாவால எழுதி வைங்க. வாக்களிப்பு நாள்ல அந்த லொறியில வாக்காளரை ஏத்தக்கூடாது. அது செலவுக் கணக்கு விசயம் இல்ல, தனிக் குற்றம்.

தோத்தவரும் குடுக்கணும், பட்டியல்ல பேருக்கு நின்னவரும் குடுக்கணும். ஒரு சதமும் செலவழிக்கலன்னா அதையே எழுதிக் குடுக்கணும். பெறுபேறு வெளியாகி 21 நாள்தான் தவணை. போன பொதுத் தேர்தல்ல 2024 டிசம்பர் 6ஆம் திகதியோட கதவை மூடிட்டாங்க. பொதுவா மாட்டுறது பட்டியல்ல இருக்கிற பொம்பளப் பிள்ளைகள்தான். பெண்கள் கோட்டாவை நிரப்பக் கையெழுத்து வாங்கிட்டு, கணக்குப் படிவத்தைப் பற்றி யாரும் சொல்லி வைக்கிறதில்ல. அவங்க கொழும்புக்கு வேலைக்குத் திரும்பிப் போனப்புறம் தேட வேண்டியிருக்கும். குழுத் தலைவர் தன்னோட கணக்கை மட்டும் குடுத்துட்டு மற்றவங்களுதும் முடிஞ்சதுன்னு நினைச்சிடக்கூடாது.

எல்லார் படிவத்தையும் ஒரே நாள்ல நிரப்பி, ஆளுக்கு ஒரு போட்டோ கொப்பி எடுத்து வச்சுக்கிட்டு, நுவரெலியாக் கச்சேரியில (மாவட்டச் செயலகத்துல) தெரிவத்தாட்சி அலுவலர்கிட்ட நேர்ல குடுங்க. கொப்பியில திகதி முத்திரை வாங்காம வெளிய வராதீங்க.