தம்பிக்குக் கிட்னி கொடுக்காத அக்கா நான். இந்த மாதிரி நிலைமையில் நின்றவர்கள் எழுதுங்கள்

ஈரோட்டுக்காரி:

தம்பிக்கு வயது 38. டயாலிசிஸ் ஆரம்பித்து மூன்று வருடம். வாரம் மூன்று நாள், போனால் நாலு மணி நேரம். இடது கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக் குழாய் இரண்டை இணைத்துத் தைப்பது) போட்ட இடம் கயிறு மாதிரி புடைத்திருக்கும், தொட்டால் உள்ளே ஓடுகிற அதிர்வு தெரியும். என் சின்ன மகள் அதில் காதை வைத்து "மாமா கைக்குள்ள பூனை இருக்கு" என்பாள்.

அவன் ரத்தம் ஓ குரூப். ஓ-வுக்கு ஓ தான் கொடுக்கணும். அவன் மனைவி பி. அம்மா ஓ, ஆனால் 20 வருடச் சர்க்கரை. அப்பா இல்லை. மீதி நான். யாரும் என்னிடம் "கொடுக்கிறாயா" என்று கேட்கவே இல்லை, எந்த ஆஸ்பத்திரி, யார் லீவு போடுவது என்றுதான் பேச்சே ஆரம்பித்தது. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று சித்தி போனில் சொன்னார். தம்பி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் கணக்கு வழக்கையும் சொல்லிவிடுகிறேன். 2012-ல் அப்பா வீட்டில் என் பங்குக்கு ஒரு ரூபாய் வாங்காமல் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். அதே தம்பிதான் என் இரண்டு பிள்ளைகளுக்கும் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினான், தோடு அவன் செலவு. என் வீட்டுக்காரர் லாரியில் அடிபட்டுக் கிடந்தபோது 26 ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்தவனும் அவன்தான். இதில் யார் யாருக்குப் பாக்கி என்று எனக்கு இன்றுவரை கூட்டத் தெரியவில்லை.

டெஸ்ட் எல்லாம் முடிந்தது. திசுப் பொருத்தம் பாதி (கூடப் பிறந்தவர்களுக்கு முழுசாகப் பொருந்துவது நாலில் ஒரு வாய்ப்புதானாம்), கிராஸ்மேட்ச் (அவன் ரத்தம் என் செல்லை எதிர்க்கிறதா என்று பார்ப்பது) நல்லபடி, ஸ்கேனும் நல்லபடி. கடைசியாக எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு டாக்டரும் ஒரு கவுன்சிலர் அம்மாவும் என்னைத் தனியாக உட்கார வைத்தார்கள். "உங்களுக்கு இதில் சம்மதமா? பயப்படாமல் சொல்லுங்கள்" என்றார்கள். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக ஒருத்தர் கேட்டதும் "இல்லை" என்று வந்துவிட்டது. இரண்டாவது பிரசவத்தில் எனக்குச் சர்க்கரை வந்தது, அம்மாவுக்கும் இருக்கிறது, அது ஒரு காரணம். அது மட்டுமே காரணம் என்று இங்கே பொய் சொல்ல வரவில்லை.

டாக்டர் வெளியே போய் "இவங்க டோனரா ஏத்தவங்க இல்லை" என்று மட்டும் சொன்னார். அம்மா அழுதார். தம்பி வந்து என் கையைப் பிடித்து "விடுக்கா, உன் மேல என்ன தப்பு" என்றான். ஒன்றரை வருடமாக அந்த வார்த்தைதான் என்னைத் தூங்க விடவில்லை. இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் கிட்னிக்காகப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறான். தண்ணீர் அளவாகத்தான் குடிக்கணும் என்பதால் என் வீட்டுக்கு வந்தால் கேட்க மாட்டான், ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள்வான். அவனிடம் உண்மையைச் சொல்லவா?

கொடுத்தவன்:

2016-ல் அண்ணனுக்குக் கொடுத்தவன் நான். வருத்தம் கிடையாது. ஆனால் சிலதை யாரும் முன்னாடி சொல்வதில்லை. வாங்கிக்கொண்டவர் இரண்டாம் நாளே முகம் தெளிந்து எழுந்து உட்காருவார், நல்லா நடந்து வந்து படுத்த நாம் தோள்பட்டை வலியில் துடிப்போம். வயிற்றுக்குள் கேஸ் ஏற்றி லேப்ராஸ்கோப்பியில் (சின்னத் துளை வழியாக) செய்கிறார்கள் இல்லையா, அந்தக் கேஸ் வலி தோளில்தான் வரும். பார்க்க வந்த சொந்தம் எல்லாம் அண்ணன் அறைக்கே போனது, என் அறைக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வந்தது. நான் தறி ஓட்டுகிறவன், மூன்று மாதம் பாவுக் கட்டையைத் தொடவில்லை.

பெரிய சண்டை அதற்கப்புறம்தான். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தவறாமல் போட வேண்டிய மாத்திரையை அண்ணன் ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் விட்டுவிட்டார். நான் கத்தினேன். "கொடுத்துட்ட இல்ல, இனி அது என் கிட்னி" என்றார். அவர் சொன்னது சரியா தப்பா என்று இன்னும் யோசிக்கிறேன். அதற்கப்புறம் வாய்க்கால் வரப்புத் தகராறில்கூட அவரால் என்னை எதிர்த்துப் பேச முடியவில்லை. அப்படி ஒரு அண்ணனை நான் கேட்கவில்லை.

நைட் டூட்டி:

நான் டயாலிசிஸ் யூனிட்டில் வேலை பார்க்கிறேன். சகோதரி, உங்களைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டது அந்த டாக்டரின் நல்ல மனசு மட்டும் இல்லை. உறுப்பு மாற்றுக்கான 2014 விதிகளிலேயே இருக்கிறது: கொடுப்பவர் பெண் என்றால் கூடுதல் கவனம் வேண்டும், அவருடைய சொந்தச் சம்மதத்தை, கிட்னி வாங்கிக்கொள்பவர் அல்லாத வேறு ஒருவர் உறுதி செய்ய வேண்டும். ஏன் அப்படி எழுத வேண்டி வந்தது என்பது எங்கள் யூனிட்டில் ஒரு மாதம் இருந்தால் புரியும். அக்காவையும் மனைவியையும் அம்மாவையும் கூட்டி வருவார்கள். தங்கைக்குக் கொடுக்கிறேன் என்று வந்த அண்ணன்களை இந்தப் பதினோரு வருடத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

முதன்முதலில் வெற்றியான கிட்னி மாற்றே கூடப் பிறந்தவர்களுக்குள்தான். 1954, பாஸ்டன், ஹெரிக் என்கிற இரட்டையர். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி நோயாளி ரிச்சர்ட், கொடுக்கப் போகிற ரொனால்டுக்கு ஒரு சீட்டு அனுப்பினாராம், எழுந்து வீட்டுக்குப் போய்விடு என்று. இங்கேயேதான் இருப்பேன் என்று பதில் சீட்டு போனது. நம் வீடுகளில் அந்த முதல் சீட்டை யார் எழுதுகிறார்கள்?

ஒன்று கேட்கணும். உங்கள் தம்பியும் மனைவியும் ஸ்வாப்புக்கு (இரண்டு குடும்பங்கள் கொடுப்பவரை மாற்றிக்கொள்வது) பதிந்திருக்கிறார்களா? பி குரூப் நோயாளி, கொடுக்கத் தயாராக ஓ குரூப் சொந்தம் என்று ஒரு ஜோடி கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம். 2011 திருத்தத்திலிருந்து உறுப்பு மாற்றுச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. ஓ காரர்களுக்கு ஜோடி அமைவது லேசில்லை, ஆனாலும் பதிந்து வையுங்கள்.

முறைக்காரன்:

எங்கள் கதை வேறு. பெரியண்ணனுக்கு மனச்சிதைவு. அம்மா இருந்தவரை நாங்கள் நாலு பேரும் மாதம் பிறந்தால் பணம் அனுப்பிவிட்டு நல்ல பிள்ளைகளாக இருந்தோம். அம்மா போனதும் கோயில் பூசை முறை மாதிரி ஆளுக்கு மூன்று மாதம் என்று பிரித்தோம். பையோடு வீடு வீடாக மாறியதில் மாத்திரை தவறி, இரண்டாவது சுற்றிலேயே அண்ணனுக்கு முற்றிவிட்டது. நியாயமாகப் பங்கு போட்டதாக நினைத்தோம், அவரைக் கேட்கவில்லை.

2017 மனநலச் சட்டப்படி தனக்காகப் பேச வேண்டிய ஆளை நோயாளியே எழுதிக் கொடுக்கலாம். அண்ணன் கடைசித் தங்கை பெயரை எழுதினார். அதிகமாகப் பணம் கொடுத்தவன் நான், எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று கேட்டால், "அவதான் நான் சாப்பிடறப்ப பக்கத்துல உக்காந்து டிவி பாப்பா" என்றார்.

வெட்டு ஒண்ணு:

சொல்லாதே. சொன்னால் உன் பாரம் இறங்கும், அது அவன் தலையில் ஏறும். ஐஸ் கட்டி வை, கூடப் போய் டயாலிசிஸில் உட்காரு. அவ்வளவுதான்.

கொடுத்தவன்:

நான் அப்படி நினைக்கவில்லை. என் அண்ணன் போல நன்றிக்கடனில் கிடப்பதைவிட உங்கள் தம்பி உங்கள் மேல் கோபப்படுவது எவ்வளவோ மேல். கோபப்பட அவனுக்கு ஒரு வழி விடுங்கள்.

ஈரோட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு பக்கமும் படித்துவிட்டு இன்னும் குழப்பம்தான். ஸ்வாப் பற்றி எங்களுக்கு யாருமே சொல்லவில்லை, குரூப் சேரவில்லை என்றதோடு தம்பி மனைவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நேற்று அவளிடம் பேசினேன். நீ யோசித்துச் சொன்னால் போதும், வேண்டாம் என்றாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம் என்று இரண்டு தடவை சொன்னேன். நாளைக்குச் சொல்கிறேன் அண்ணி என்றாள். காலையில் போன் பண்ணி, போகலாம் என்றாள். செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் போகிறோம்.

அதே டாக்டர்தான் இருப்பார். தம்பி பக்கத்தில் நிற்கும்போது அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. பஸ்ஸில் போகும்போதே அவனிடம் சொல்லிவிடலாமா என்று பார்க்கிறேன், ஈரோட்டிலிருந்து இரண்டரை மணி நேரம் இருக்கிறது.